பதினேழாம் நம்பர் வாசலில் அடிக்காத ஹோர்ண்

உங்களில் ஆறு பேர் அடுத்த மாதம் நியூசிலாந்துக்கு விமானம் ஏறுகிறீர்கள் என்று, மானிப்பாயில் உங்களுக்கு வகுப்பு நடத்துகிறவர் சொன்னார். "அண்ணை, நீங்கள் அங்கை பஸ் ஓடினனீங்கள். பிள்ளையளோடை ஒரு மணித்தியாலம் கதைச்சு விடுங்கோ" என்று கேட்டார். வந்து கதைத்தேன். அரை மணித்தியாலம் மைக் வேலை செய்யவில்லை. மிச்ச அரை மணித்தியாலம், குளிருக்கு என்ன உடுப்புக் கொண்டுபோவது, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ விடுவார்கள் என்ற கேள்விகளிலேயே போய்விட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்குப் போன எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

உறைபனியில் எப்படிப் பிரேக் பிடிப்பது, பயணிகள் அட்டை தட்டும் மெசினை எப்படி இயக்குவது என்பதெல்லாம் இதில் இல்லை. அங்கே இரண்டு கிழமை, பதினாலு நாளும், வகுப்பு வைத்து அதைச் சொல்லித் தருவார்கள், காது புளிக்கும். நான் வல்வெட்டித்துறையிலிருந்து தொண்டைமானாறு, அச்சுவேலி வழியாக யாழ்ப்பாணத்துக்கு இருபத்திரண்டு வருடம் மினி பஸ் ஓடியவன். ஆடு, மாடு, உழவு மெசின், காவடி, கல்யாணக் கார் எல்லாவற்றுக்கும் நடுவால் பஸ்ஸை உரசாமல் கொண்டுபோனவன். நீங்களும் அப்படித்தான். ஓட்டத்தில் உங்களுக்குக் குறை வராது. ஆனால் தலை யோசிக்க முதல் கை செய்துவிடும் வேலைகள் சில இருக்கின்றன. என் கை செய்த அப்படியொரு வேலையையும், பிறகு ஒரு நாள் அது செய்யாமல் விட்டதையும் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் போனபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சித்திரை வெயிலில் கட்டுநாயக்காவில் ஏறி, குளிர் தொடங்கும் காலத்தில் அங்கே போய் இறங்கினேன். தென் தீவில் ஒரு சின்ன ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல கல்யாண வீட்டுக்கு வரும் சனம்தான் அந்த ஊரின் முழுச் சனம். கம்பனி தந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அடுப்பு. அடுப்பில் சோறு வைத்தால் அறை முழுக்கப் புகை அலாரம் அடிக்கும். முதல் கிழமை நான் சோறு ஆக்கினால் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நிற்பார்கள்.

மனைவி கலாவும் மகளும் மானிப்பாயில். முதல் மூன்று மாதம் எனக்குத் தவணைக் காலம். அதில் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் விசாவுக்கு எழுதலாம். தவணைக்குள் பயணிகளிடமிருந்து மூன்று முறைப்பாடு வந்தால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கையெழுத்து வைக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஏசாத பயணி கிடையாது, எழுதிக் கொடுத்த பயணியும் கிடையாது.

அந்த ஊர்ப் பயணிகள் இறங்கும்போது ஒவ்வொருவராக "தாங்க்யூ டிரைவர்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். முதல் நாள் நான் நக்கலடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் எத்தனை ஆயிரம் பேரை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறக்கியிருக்கிறேன், ஒருவர் நன்றி சொல்லியிருந்தால் கொண்டக்டர் மயங்கி விழுந்திருப்பான். இரண்டாம் நாள்தான் அது உண்மை என்று விளங்கியது. பிறகு அது ஒரு போதை மாதிரி. நானும் காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் எடுப்பேன். ஒரு மாதத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும்போது கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். என்னவென்று கேட்டவர்களுக்கு, அது பஸ்ஸுக்குச் சொல்லும் தாங்க்யூ என்று சொல்லிவைத்தேன்.

நன்றி சொல்லாத ஒரே ஆள் பதினேழாம் நம்பர் வீட்டு அம்மா. எண்பது வயதிருக்கும், தனியே இருக்கிறவர். பஸ் தரிப்பிடம் அவர் வாசலுக்கு நேரே. செவ்வாயும் வியாழனும் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் நூலகத்துக்குப் போவார். மஞ்சள் கம்பளித் தொப்பி, கையில் பிரம்புக் கூடை. ஏறியதும் முதலில் தன் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "ஒரு நிமிடம் பிந்தி" அல்லது "அரை நிமிடம் முந்தி" என்பார். அவ்வளவுதான் அவருடைய காலை வணக்கம். பகலில் பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தால், வீணாக எரிகிறது, அணை என்பார்.

இனி ஹோர்ணுக்கு வருகிறேன்.

எங்கள் ஓட்டத்தில் ஹோர்ண் எதற்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரிப்பிடத்தில் வந்து காத்து நிற்கிறவர்கள் பாதிப் பேர். மற்றப் பாதி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும். ஒழுங்கை முகப்பில் நான் அடித்தால்தான் செருப்பைத் தேடுவார்கள். தபாற்கந்தோர் அக்காவுக்கு இரண்டு தட்டு. அச்சுவேலி வாத்தியாருக்கு ஒரு நீட்டு. ஆள் வரவில்லை என்றால் கொண்டக்டர் இறங்கி ஓடிப்போய்ப் படலையால் எட்டிப் பார்த்து, "ஐயா, இண்டைக்கு வரேல்லையோ?" என்று கேட்பான். காய்ச்சல், நீ போ என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் பஸ் நகரும். ஒரு நாள் நான் ஏதோ யோசனையில் அடிக்காமல் வந்துவிட்டேன். வாத்தியார் அடுத்த நாள் ஏறி, யாழ்ப்பாணம் வரும் மட்டும் நின்றபடி ஏசினார். ஹோர்ண் அடிக்காமல் போன பஸ், பஸ்ஸே இல்லையாம்.

இரண்டாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. பதினேழாம் நம்பர் வாசலில் மஞ்சள் தொப்பியைக் காணவில்லை. படலை திறந்திருந்தது. என் கட்டைவிரல் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு தட்டு, பிறகு ஒரு நீட்டு. அந்த அமைதியான தெருவில் அது கோயில் சேமக்கலம் மாதிரிக் கேட்டது. நாலு வீட்டு யன்னல் திறந்தது. பதினேழாம் நம்பர் கதவும் திறந்தது. அம்மா வீட்டு உடுப்போடு, தலைமுடியில் சுருட்டுக் கிளிப்புகளோடு வாசலில் நின்றார். அன்று அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைப்பு, நூலகம் போகும் யோசனையே இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்டில் ஹோர்ண் அடிப்பதும் ஆளைத் தூஷணத்தால் ஏசுவதும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அழகான கையெழுத்து. "விசில் அடித்துக் கூப்பிட நான் ஆடு மேய்க்கும் நாய் அல்ல. எனக்குக் காது கேட்கும். பஸ் வரும் நேரமும் தெரியும்" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை வாசித்துக் காட்டியவர் எங்கள் பொறுப்பாளர் அம்மா. முப்பது வருடம் லொறி ஓடிவிட்டுக் கந்தோர் மேசையில் வந்து இருந்தவர். ஆள் ஒரு கதவளவு. அவர் கதைத்தது இங்கிலீசுதான். என் ஞாபகத்தில் மட்டும் அவர் எங்கள் ஊர்த் தமிழில் கதைக்கிறார், நான் என்ன செய்ய. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஹோர்ண் எங்கள் ஊரில் எதற்கென்று நான் சொல்ல, அவர் வாய் திறந்தபடி கேட்டார். "நல்ல பழக்கம்தான். ஆனா இஞ்சை அடியாதையும்" என்றார். கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். முறைப்பாடு ஒன்று.

இரண்டாவதும் என் நல்ல குணத்தால் வந்தது. ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, தினமும் வாயில் பாண் துண்டோடு ஓடிவந்து ஏறும். ஒரு நாள் அதைக் காணவில்லை. வரும்தானே என்று நின்றேன். இரண்டரை நிமிடம். வந்து ஏறியது, நன்றியும் சொன்னது, எனக்கு உச்சி குளிர்ந்தது. ஓட்டம் முடிய முதல் கடைசித் தரிப்பில் என் பஸ்ஸுக்காக நின்ற ஒரு மனிதருக்கு அந்த இரண்டரை நிமிடத்தால் நகரத்துக்குப் போகும் பெரிய பஸ் தவறிப்போனது. மாதக்கணக்காகக் காத்திருந்து எடுத்த கண் டாக்குத்தரின் தவணை, அதோடு போயிற்று. அவர் எழுதிக் கொடுத்தார்.

பொறுப்பாளர் அம்மா ஏசவில்லை. அடுத்த நாள் காலை என்னைத் தன் காரில் ஏற்றி அந்தக் கடைசித் தரிப்பில் கொண்டுபோய் இறக்கினார். கையுறையைக் கழற்றித் தரச் சொன்னார். தானும் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். காற்று ஊசி மாதிரி. எனக்கு விரல் விறைத்து, மூக்கு ஓடி, எப்போது காருக்குள் போகலாம் என்று இருந்தது.

"குளிருதோ?"

"ஓம்."

"உதுதான் ரெண்டரை நிமிசம். கண்ணுக்குத் தெரிஞ்ச ஒராளுக்காக நிண்டனீர். கண்ணுக்குத் தெரியாத ஆக்கள் இஞ்சை நிண்டவை."

அந்தப் பாடம் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் காரில் திரும்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். இனி ஒரு முறைப்பாடு வந்தால் தன் கை கட்டப்பட்டுவிடும், மேலிடம் தன்னைக் கேட்காது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை.

அன்று முதல் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை, பயம்தான். கலா ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாள். "இஞ்சேருங்கோ, இன்னும் எத்தினை கிழமை கிடக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. மகள் பள்ளிக்கூடத்தை விட்டு விலக விடுகைப் பத்திரம் பற்றி விசாரித்துவிட்டாள். யாழ்ப்பாணக் கடையில் இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி, மானிப்பாய் வெக்கைக்குள் போட்டுப் பார்த்து, எனக்குப் படம் அனுப்பினார்கள். இரண்டு பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு சிரிக்கிறார்கள். முறைப்பாடு இரண்டு ஆகிவிட்டது என்று நான் கலாவுக்குச் சொல்லவில்லை.

நான் மெசினாக மாறினேன். ஏழு நாற்பது என்றால் ஏழு நாற்பது. கதவு திற, கதவு மூடு, போ. யார் ஓடிவந்தாலும் கண்ணாடியில் பார்க்க மாட்டேன். ஹோர்ண் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் போகாதபடி ஸ்டியரிங்கைக் கீழே பிடிக்கப் பழகினேன். பதினேழாம் நம்பர் அம்மாகூட ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் இருந்தார். அதை ஒரு பதக்கம் மாதிரி அறைக்குக் கொண்டுபோனேன்.

பதினோராம் கிழமை, செவ்வாய்க்கிழமை. நல்ல உறைபனி. அங்கே அந்த மாதத்தில் ஏழு நாற்பதுக்கு இன்னும் இருட்டு. செவ்வாய்தான் அந்தத் தெருவில் குப்பை எடுக்கும் நாள். எல்லா வாசலிலும் சில்லுப் பூட்டிய குப்பைத் தொட்டி வரிசையாக நிற்கும். பதினேழாம் நம்பர் தொட்டியும் நின்றது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. ஆனால் மஞ்சள் தொப்பி இல்லை.

நிறுத்திக் கதவைத் திறந்தேன். நேர அட்டவணைப்படி இன்னும் அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடமும் நான் அந்த விளக்கையே பார்த்தேன். தடிமனாக இருக்கலாம். உறைபனிக்குப் பயந்து போகாமல் விட்டிருக்கலாம். என் கட்டைவிரல் தானாக எழும்பி ஹோர்ணுக்கு மேலே வந்து நின்றது. ஆடு மேய்க்கும் நாய் என்று எழுதிய அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேர்த்த என் மகள் ஞாபகம் வந்தாள். விரலை எடுத்தேன். கதவை மூடினேன். சரியாக ஏழு நாற்பதுக்குப் புறப்பட்டேன்.

அன்று முழுக்க எனக்கு அந்தரமாக இருந்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். உனக்கென்ன சோலி, சும்மா ஓடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலை மூன்று இருபதுக்கு அதே தெருவால் திரும்பி வந்தேன். நல்ல வெளிச்சம். பஸ்ஸில் எட்டுப் பேர். தெருவில் எல்லாத் தொட்டியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பதினேழாம் நம்பர் தொட்டி மட்டும் வெறுமையாக, மூடி திறந்தபடி வாசலில் நின்றது. மற்றச் செவ்வாய்க்கிழமைகளில் நான் திரும்பும்போது அது உள்ளே போயிருக்கும், மூடியும் துடைத்திருக்கும். வீட்டுக்குள் அந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பகலில் பஸ் விளக்கை அணைக்கச் சொல்கிற மனுசி, தன் வீட்டு விளக்கைப் பகல் மூன்று மணிக்கு எரியவிடுமா?

பஸ்ஸை ஓரம் கட்டினேன். மினுங்கும் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டேன். பயணிகளிடம், பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாவைக் காலையிலும் காணவில்லை என்றேன். கட்டைவிரலை ஹோர்ணில் வைத்தேன். விசா போகிறதா, போகட்டும் என்று துணிந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய், வெறும் பேய்க்கதை. கலாவுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டுதான் அமத்தினேன். இரண்டு தட்டு, ஒரு நீட்டு.

ஒன்றும் இல்லை. யன்னல் திறக்கவில்லை, கதவு திறக்கவில்லை. என்ஜினை நிறுத்தச் சொன்னது முன் ஆசனத்தில் இருந்த பால் பண்ணைக்காரப் பெண். நிறுத்தினேன். திரும்பவும் அடித்தேன். அப்போது கேட்டது. தகரத்தில் தட்டுகிற மாதிரி, டங், டங் என்று. அந்த வீட்டுக்குள் இருந்துதான். பஸ்ஸில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்டது.

கந்தோருடன் பேசும் ரேடியோவை எடுத்தேன். என் இங்கிலீசு எங்கே போனதென்று தெரியவில்லை, பாதி தமிழில்தான் கத்தினேன். பொறுப்பாளர் அம்மாவுக்கு எப்படியோ விளங்கியது.

"பஸ் திறப்பைக் கழட்டிக் கையிலை எடும். ஒராளையும் கூட்டிக்கொண்டு உள்ளுக்கை போம். அம்புலன்சுக்கு நான் போன் அடிக்கிறன். மற்ற எல்லாம் என்ரை பொறுப்பு."

பால் பண்ணைக்காரிக்கு அந்தத் தெரு தெரியும். பின்வாசல் பூட்டின் திறப்பு பூச்சாடிக்குக் கீழே இருக்கும் என்று சொல்லி முன்னால் ஓடினார். நான் பின்னால். குளியலறைத் தரையில் அம்மா கிடந்தார். நூலகத்துக்குப் போக உடுத்த உடுப்பு, தலையில் அந்த மஞ்சள் தொப்பி. இடுப்பு முறிந்திருந்தது. கையில் ஒரு தலை சீவும் பிரஷ், அதால்தான் தண்ணீர்க் குழாயில் தட்டியிருக்கிறார். உதடு நீலம். நான் பக்கத்தில் முழந்தாளிட்டு என் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நேரம் என்ன?"

"மூண்டு இருபத்தாறு, அம்மா."

"ஆறு நிமிசம் பிந்தீட்டீர்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பால் பண்ணைக்காரி அழுதேவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. நான் போய்ப் பஸ்ஸை எடுத்தேன். அன்று அரை மணித்தியாலம் பிந்தித்தான் ஓட்டத்தை முடித்தேன். இறங்கிய எட்டுப் பேரில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை, என் தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பொறுப்பாளர் அம்மா கந்தோருக்கு வரச் சொன்னார். போனேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. மேசையில் ஒரு கடிதம். தூரத்திலிருந்தே அந்த அழகான கையெழுத்து எனக்குத் தெரிந்தது. நன்றிக் கடிதம் என்று நினைத்தேன். ஏன் பொய் சொல்ல, மனதுக்குள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் விட்டேன்.

"இரும். நீரே வாசியும்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதியிருந்தார். அதன் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது, அதனால் பிழையில்லாமல் சொல்ல முடியும்.

"செவ்வாய் காலை ஏழு மணிக்கு நான் விழுந்தேன். ஏழு நாற்பதுக்கு முன்பே பஸ் என் வாசலில் நின்றது எனக்குக் கேட்டது. கதவு திறந்ததும் கேட்டது. இந்தச் சாரதிக்கு ஹோர்ண் அடிக்கும் பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அடித்தால் பதிலுக்குக் காது கொடுப்பார், அப்போது குழாயில் தட்டலாம் என்று பிரஷைக் கையில் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. கதவு மூடியது, பஸ் போய்விட்டது. அதன் பிறகு கிட்டத்தட்ட எட்டு மணித்தியாலம் குளிரில் கிடந்தேன். இது ஒரு முறைப்பாடு. பதிவுசெய்யவும்."

கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். அச்சுவேலி வாத்தியார் யாழ்ப்பாணம் மட்டும் நின்று ஏசிய அதே ஏச்சு. அதுதான் இங்கிலீசில், கடல் தாண்டி, எனக்கு முன்னால் கிடந்தது. நான் வாசலில் நின்ற அந்த அரை நிமிடமும் அந்த மனுசி பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

"பதிஞ்சிட்டன். மூண்டு" என்றார் பொறுப்பாளர் அம்மா.

நான் தலையாட்டினேன். கலாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"பேப்பருக்கு மற்றப் பக்கமும் ஒண்டு கிடக்கு" என்றார்.

திருப்பினேன். இரண்டே வரி. ஹோர்ண் அடித்ததற்காகத் தான் முன்பு கொடுத்த முறைப்பாட்டை வாபஸ் பெறுவதாகவும், இனிமேல் செவ்வாயும் வியாழனும் தன் வாசலில் ஹோர்ண் அடிக்கப்பட வேண்டும் என்றும், இரண்டு முறை, கட்டையாக, நீட்டு வேண்டாம் என்றும் எழுதியிருந்தது.

"மூண்டிலை ஒண்டு போனா எத்தினை?"

"ரெண்டு."

"ரெண்டோடை ஒராளை வீட்டை அனுப்ப எனக்குச் சட்டம் இல்லை" என்று சொல்லி, நிரந்தர வேலைப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். அதன் பிறகுதான் சிரித்தார். கதவளவு ஆள் சிரித்தால் கந்தோர் குலுங்கும். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு, அந்தக் கடைசி முறைப்பாட்டைக் கோப்பில் அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். அது சரியான முறைப்பாடு.

அன்று கலாவுக்கு எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னேன். முறைப்பாட்டை மறைத்ததற்கு நல்ல ஏச்சு வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். அவள் "பாவம் மனுசி. ஆஸ்பத்திரியிலை ஆரும் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கினமோ?" என்று கேட்டாள். பிறகுதான் வாங்கிக் கட்டினேன்.

பிள்ளைகளே, அந்தக் காலையைப் பற்றி நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். முதல் இரண்டும் தெரியாமல் செய்த பிழை. அதற்கு ஏச்சு வாங்கலாம், திருந்தலாம், வெட்கமில்லை. மூன்றாவது அப்படியில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, பயத்தால் விட்டேன். அடிப்பதா, போவதா என்று இரண்டு வழிதான் இருப்பதாக அந்த அரை நிமிடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குப் பக்கத்தில் ரேடியோ தொங்கியது. எடுத்து, அம்மாவைக் காணவில்லை, என்ன செய்ய என்று ஒரு சொல் கேட்டிருந்தால் பொறுப்பாளர் அம்மா ஒரு போன் போட்டிருப்பார், ஆளை அனுப்பியிருப்பார். மாலையில் "என்ரை பொறுப்பு" என்று சொன்ன மனுசி காலையிலும் அதே கதிரையில்தான் இருந்தார். புது நாட்டில் தெரியாததைக் கேட்க வெட்கப்படுவோம், இங்கிலீசு பிழைத்துவிடும் என்று கூச்சப்படுவோம். கேளுங்கள். பாதித் தமிழில் என்றாலும் கேளுங்கள்.

கலாவும் மகளும் கார்த்திகையில் வந்து சேர்ந்தார்கள், அங்கே கோடை தொடங்கும் காலம். கம்பளிச் சட்டையை விமானத்திலிருந்தே போட்டுக்கொண்டு இறங்கி, அங்கேயும் வேர்த்து ஒழுகினார்கள். கலா முதல் கிழமையே ஒரு போத்தலில் ரசம் கொண்டுபோய்ப் பதினேழாம் நம்பரில் கொடுத்தாள். உறைப்புக் கூட என்று ஒரு துண்டுக் கடதாசி எழுதி, கழுவிய போத்தலோடு திருப்பி அனுப்பினார் அம்மா. அடுத்த கிழமை, இன்னும் வரவில்லையே என்று இன்னொரு துண்டு வந்தது.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் அம்மா திரும்பவும் நூலகத்துக்குக் கிளம்பினார். நான் பதினேழாம் நம்பர் வாசலில் நிறுத்தி, கட்டையாக இரண்டு தட்டுத் தட்டினேன். பஸ்ஸில் ஒருவரும் சப்பாத்தைப் பார்க்கவில்லை. கதவு திறந்தது. மஞ்சள் தொப்பி, பிரம்புக் கூடை, புதிதாக ஒரு ஊன்றுகோல். நான் இறங்கிக் கை கொடுக்கப் போனேன், ஊன்றுகோலால் தள்ளிவிட்டார். தானாகவே ஏறினார். கம்பியைத் தொட்டார். ஒரு கணம் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அரை நிமிசம் முந்தி வந்திட்டீர்" என்றார்.

"ஓம் அம்மா, இனி அப்பிடித்தான்" என்றேன்.

நூலக வாசலில் எல்லாரும் "தாங்க்யூ டிரைவர்" சொல்லி இறங்கினார்கள். அவர் அன்றைக்கும் சொல்லவில்லை.